பயத்துக்குச் சர்க்கரை என்று பெயர்

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் தொழிலில் ஒரு வசதி உண்டு: உள்ளே உயிர் போய்க்கொண்டிருந்தாலும் வெளியே கை தன்பாட்டுக்கு அரிசி களைந்துகொண்டிருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு நெல் விவசாயிக்கு வாழ்க்கைப்பட்டு, அவர் வீட்டில் கால் நூற்றாண்டுக்கு மேலாக இந்த வேலை பார்க்கிறேன். படித்தது தஞ்சாவூர் கான்வென்டில். அங்கே அசெம்ப்ளியில் மயங்கி விழுந்த பெண்ணைக்கூட, "முதுகை நிமிர்த்து" என்று சொல்லித்தான் சிஸ்டர் எழுப்புவார். அதனால் எனக்கு முதுகு நேர், பொறுமை குறைவு. நான் சொல்லப்போகும் வியாதி இதே வேலையில் இருக்கும் உங்களில் பலருக்கும் இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் வேறு பெயர் வைத்திருப்பீர்கள், அவ்வளவுதான்.

சங்கரா வாங்கிய காலை

ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து வரும் மீன்காரம்மா வாசலில் கூடையை இறக்கினார். நான் ஒரு சங்கராவின் செவுளைத் தூக்கிப் பார்த்து, இது நேற்றைய மீன் என்று சண்டையைத் தொடங்கியிருந்தேன். அப்போதுதான் அது வந்தது. எதிரில் பாம்பு இல்லை. கெட்ட செய்தி எதுவும் வரவில்லை. வீட்டில் யாரும் குரலை உயர்த்தக்கூட இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தவளின் நெஞ்சு, மேட்டில் ஏறும் டிராக்டர் மாதிரி அடிக்க ஆரம்பித்தது. இழுத்த மூச்சு பாதி வழியில் நின்றது. விரல்கள் மரத்து, மீனைப் பிடித்திருக்கும் கை வேறு யாருடையதோ என்றிருந்தது. இதோ, இந்த வாசலில், செதில் ஒட்டிய கையோடு நான் சாகப்போகிறேன் என்பது எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

கத்தினேனா? கத்தவில்லை. அவர் சொன்ன விலைக்குச் சரி என்று தலையாட்டினேன். அதிலேயே மீன்காரம்மா கண்டுபிடித்துவிட்டார். அவர் சொன்ன விலைக்கு என்னிடம் மீன் போனது அதுவே முதல் தடவை. கூடையைத் தூக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "என்னம்மா, பேரம் பேசாம வாங்குறீங்க? மீனை அலசித் தரவா, உங்க மூஞ்சியில தண்ணி அடிக்கவா?"

ஒன்றுமில்லை

ஒரு தடவையோடு போயிருந்தால் மறந்திருப்பேன். அது எங்கள் வீட்டு முகவரியைக் கற்றுக்கொண்டுவிட்டது. தோசை ஊற்றும்போது வந்தது, துணி காயப்போடும்போது வந்தது, பஸ் கல்லணைக் கால்வாய்ப் பாலத்தில் ஏறும்போது வந்தது. வந்து போனபின் அடுத்தது எப்போது வரும் என்ற பயம் வந்தது. வியாதியைவிட அந்தக் காத்திருப்பு மோசம். குளியலறைக் கதவைத் தாழ் போடுவதை நிறுத்தினேன். உள்ளே விழுந்தால் உடைத்துத் திறக்க நேரமாகுமே. வீட்டில் எங்கே உட்கார்ந்தாலும் வாசலைப் பார்த்து உட்கார்ந்தேன். தனியாக இருக்க நேர்ந்தால், யார் என்றே தெரியாத நாடகக்காரர்களின் குரலாவது கேட்கட்டும் என்று டிவியைச் சத்தமாக வைத்தேன்.

எங்க வீட்டுக்காரர் இதயம் என்று முடிவுகட்டி டவுன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். நெஞ்சில் பசை தடவி ஈ.சி.ஜி. எடுத்தார்கள், எக்கோ எடுத்தார்கள், தைராய்டு பார்த்தார்கள். எல்லாம் நன்றாக இருந்தது. டாக்டர், "கேஸ் டிரபிளாக இருக்கும், டென்ஷன் ஆகாதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். எங்க வீட்டுக்காரர் முகம் மலர்ந்து, ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே நாலு பேருக்குப் போன் போட்டு ஒண்ணுமில்லையாம் என்றார். எனக்கோ அந்தச் சொல் போதவில்லை. ஒன்றுமில்லை என்றால் நெஞ்சில் ஏறி உட்கார்கிறதே, அது யார்? இதயம் என்றிருந்தால் மாத்திரையாவது இருந்திருக்கும். கட்டிலிலிருந்து இறங்காமல் நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்ட நர்ஸ் சொன்னார்: "உங்களுக்கு ஒண்ணுமில்லைன்னு எழுதிட்டாங்கம்மா, சந்தோஷமா எந்திரிங்க. பெட் வேணும்."

மரியாதையான வியாதி

அந்த நேரம் பார்த்து எங்கள் மகள் கயல்விழிக்குத் திருவாரூரிலிருந்து ஒரு சம்பந்தம் கூடி வந்துகொண்டிருந்தது. பெங்களூரில் வேலை பார்க்கிற பெண், பெங்களூரிலேயே வேலை பார்க்கிற பையன். பெண் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். இருவரும் போனில் பேச ஆரம்பித்திருந்தார்கள். விடுமுறைக்கு வரும்போது இவள் மொட்டைமாடியில் நடந்தபடி சிரிக்கிற சிரிப்பு கீழே கூடம் வரை கேட்கும். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரே யோசனை: அம்மாவுக்குத் தலையில் கோளாறு என்று ஒரு வார்த்தை போனால் இந்தச் சிரிப்பு என்ன ஆகும்?

நெல் கொள்முதல் நிலையத்தில், நனைந்த குறுவை நெல்லைக் கொட்டிக் காயவைத்துக்கொண்டிருந்த எங்க வீட்டுக்காரரிடம் பக்கத்துக் குவியல்காரர் கேட்டிருக்கிறார், அண்ணியை ஆஸ்பத்திரியில் பார்த்தேனே, என்ன உடம்புக்கு என்று. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன், வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார்: சுகர். அவர் வீடு திரும்புவதற்குள் எனக்குச் சுகர் என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது. யாரும் முகம் சுளிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் சர்க்கரை வியாதி என்பது ஒரு தகுதி மாதிரி. வசதியாகச் சாப்பிட்ட குடும்பம் என்று அர்த்தம். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் எனக்குக் கசப்புக் காப்பிதான். அதிரசத் தட்டு என் முகத்துக்கு நேராக வந்து வலதுபக்கம் திரும்பிப் போய்விடும். சேதி திருவாரூருக்கும் போயிற்று. மாப்பிள்ளையின் அம்மா ரிட்டயர்டு டீச்சர். வெகுகாலமாகச் சுகர்காரர். அன்றே போன் செய்து, பாகற்காய்ப் பொடி அனுப்புவதாகச் சொல்லி, மிகுந்த சொந்தத்தோடு ஆறுதல் சொன்னார்: "சுகர்தானே சம்பந்திம்மா, பயப்படாதீங்க. நம்ம ஆளுங்கள்ல அது இல்லாதவங்க யாரு?"

படித்தவர்களுக்கு நேரமாகும்

உண்மை தெரிந்த இன்னொருவர் என் பெரிய நாத்தனார். எங்க வீட்டுக்காரருக்கு அக்கா, இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். இந்த வயசில் பெண்களுக்கு வருவதுதான், எங்கேயோ எதையோ பார்த்துப் பயந்திருக்கிறாய், மந்திரித்தால் சரியாகிவிடும் என்றார். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்த வாரத்தில் இரண்டு முறை வந்து போயிருந்தது. நம்பிக்கை எல்லாம் நெஞ்சு ஒழுங்காக அடிக்கிறவர்களுக்கு. நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினேன்.

மந்திரிப்பவர் வேப்பிலையால் தலையிலிருந்து கால்வரை இறக்கி, முகத்தில் தண்ணீரை அடித்து, எதைக் கண்டு பயந்தாய் சொல் என்று அதட்டினார். எதையும் கண்டு பயப்படவில்லை, பயம் முதலில் வருகிறது, காரணத்தை அப்புறம்தான் தேடவேண்டியிருக்கிறது என்றேன். அவர் மறுபடி அதட்டினார். நான் மறுபடி அதையே, கொஞ்சம் இலக்கணச் சுத்தமாகச் சொன்னேன். வேப்பிலை உதிர்ந்து காம்பு மட்டும் மிஞ்சியது. கடைசியில் அவர் நெற்றி வியர்வையைத் துடைத்தபடி என் நாத்தனாரிடம் சொன்னார்: "இந்தம்மா படிச்சவங்க. படிச்சவங்களுக்கு இறங்க நேரமாகும்."

பின்கட்டு ஜன்னல்

சிரித்தது போதும். எனக்கு உண்மையான பயம் எதைப் பற்றி என்பதையும் சொல்லவேண்டும். அடுத்த தெருவில் பூங்கொடி என்று ஒருத்தி இருந்தாள். இருந்தாள் என்று எழுதுகிறேன் பாருங்கள், இருக்கிறாள். வாய் ஓயாத பெண். இரண்டாவது பிள்ளை பிறந்தபின் தூக்கம் போயிற்று, பேச்சுப் போயிற்று, பிள்ளையைத் தூக்கவே பயந்தாள். நாத்தனார்களுக்குக் கல்யாணம் ஆகவேண்டியிருந்தது. டாக்டரிடம் போனால் பெயர் கெட்டுவிடும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். கொஞ்ச நாளில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். ஊரும் சரி என்றது.

கார்த்திகையில் வெயிலடித்த ஒருநாள் பகல், இரவல் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க அந்த வீட்டுக் கொல்லைப்பக்கமாகப் போனேன். மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து அறையில் வெளியே தாழ் போட்டிருந்தது. ஜன்னல் கம்பியில் ஒரு கை. "அக்கா, மணி என்ன?" என்றது பூங்கொடியின் குரல். சொன்னேன். சரிக்கா என்றது. அவ்வளவுதான். அந்தக் குரலில் பைத்தியம் எதுவும் இல்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவள் கேட்பது மாதிரி இருந்தது. நானும் தூங்குவதில்லை, நானும் பயப்படுகிறேன். அந்தக் கம்பிக்கு வெளியே நான் நிற்பதற்கு, சுகர் என்ற ஒரு பொய்யைத் தவிர வேறு என்ன காரணம்? வடகம் காயவைத்துக்கொண்டிருந்த அவள் மாமியார் என் முகத்தைப் பார்த்தார். கோபப்படவில்லை. தாழ்ந்த குரலில், நியாயம் சொல்வது போலச் சொன்னார்: "வேளாவேளைக்குச் சோறு குடுத்துடுறோம்மா. அதுல ஒரு குறையும் வைக்கல."

கை நனைக்கப் போனோம்

மாப்பிள்ளை வீட்டில் போய்ச் சாப்பிட்டால் சம்பந்தம் சம்மதம் என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் அதற்குக் கை நனைப்பது என்று பெயர். தை அறுப்பு முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் இவரும் நாத்தனாரும் கார் வைத்துக்கொண்டு திருவாரூர் போனோம். மன்னார்குடி வழி. ஆறும் வாய்க்காலுமான ஊரில் பாலங்களுக்குப் பஞ்சமா? ஒவ்வொன்றிலும் கண்ணை மூடிக்கொண்டேன். நாத்தனார் அதைத் தூக்கம் என்று நினைத்து என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

இலை போட்டு, உப்பு வைத்து, கூட்டு வைத்துக்கொண்டிருக்கும்போது வந்துவிட்டது. எதிர் வரிசையில் அவர்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேர். எழுந்து ஓடவும் முடியாது. நெஞ்சு அடிக்கிறது, வேர்வை ஊற்றுகிறது, கை இலைமேல் நடுங்குகிறது. யாரோ லோ சுகர் என்றார்கள். உடனே கூடமே லோ சுகர் என்றது. நாத்தனாருக்குத் தம்பி சொன்ன பொய்யே நிஜமாகிவிட்டது போலிருக்கிறது. சமையலறைக்கு ஓடிப்போய் ஒரு கைப்பிடி சர்க்கரையோடு வந்து என் வாயைத் திறக்கப் பார்த்தார். மூச்சே நுழையாத தொண்டையில் சர்க்கரை எங்கே நுழையும்? டீச்சரம்மா அவர் கையைத் தடுத்தார். தன் சுகர் பார்க்கும் கிட்டைக் கொண்டுவரச் சொல்லி, என் விரலைத் துடைத்துக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கருவியில் வைத்தார். பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். எங்க வீட்டுக்காரர் ஒரு மாத்திரை சொன்னார். அதே நொடியில் நாத்தனார் வேறொரு மாத்திரை சொன்னார்.

"சம்பந்திம்மா, உங்களுக்குச் சுகரே இல்லையே" என்றார் டீச்சரம்மா. பொய்யை இன்னும் நீட்டியிருக்கலாம். ஆனால் சாவு பயத்தில் இருக்கிறவளுக்குப் பொய் ஜோடிக்கத் தெம்பு ஏது? இல்லைங்க, எனக்குப் பயம் வரும், காரணமில்லாமல் வரும், கொஞ்ச நேரத்தில் போய்விடும் என்றேன். பரிமாறியவர் சாம்பார் வாளியைக் கீழே வைத்தார். டீச்சரம்மா என் விரலில் பஞ்சை அழுத்தியபடியே இருந்தார், விடவில்லை. மாப்பிள்ளையின் அப்பா தன் இலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இலை போட்டாச்சு. எல்லாரும் சாப்பிடுங்க. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

தம்பிக்காக வந்தவர்

நடந்ததைக் கேட்டுக் கயல் பஸ் பிடித்து வந்துவிட்டாள். திட்டவில்லை. போனில் மனநல டாக்டர் ஒருவரைத் தேடி நேரம் வாங்கியிருந்தாள். தஞ்சாவூர் வேண்டாம், தெரிந்தவர்கள் பார்ப்பார்கள், திருச்சிக்குப் போகலாம் என்று இவர் கெஞ்சினார். இன்னும் பாலங்களைத் தாண்ட என்னால் ஆகாது, தஞ்சாவூர்தான் என்றேன். காத்திருக்கும் அறையில் எல்லாரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். என்னோடு கான்வென்டில் படித்த ஒருத்தி மூலையில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, தம்பிக்காக வந்தேன் என்றாள். தம்பி எங்கும் தென்படவில்லை. நான் எனக்காக வந்தேன் என்றேன். அவள் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். நான் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. என் வீட்டில் இது நடந்ததே இல்லை. நெஞ்சு நன்றாக இருக்கிறது, ஆபத்து இல்லாத இடத்தில் உடம்பு ஆபத்து என்று நினைத்துப் பதறுகிறது, இது வியாதி, இதற்கு வைத்தியம் உண்டு என்றார். மாத்திரை எழுதினார். வாராவாரம் வந்து பேசச் சொன்னார். எதையெல்லாம் தவிர்க்கிறேனோ அதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி செய்யவேண்டும். முதல் வேலை குளியலறைத் தாழ்ப்பாள். பூங்கொடியைப் பற்றியும் கேட்டேன். உடனே அழைத்து வாருங்கள், நன்றாக ஆகக்கூடியதுதான் என்றார். அவள் மாமியாரிடம் சொன்னேன், அவள் புருஷனிடம் சொன்னேன், இன்னும் சொல்வதை விடவில்லை. என் நாக்கு அதற்காவது பயன்படட்டும். அன்று டாக்டர் அறையிலிருந்து கிளம்பும்போது குரலைத் தாழ்த்தி, மகளுக்குக் கல்யாணம் கூடி வருகிறது, சீட்டில் வேறு ஏதாவது வியாதி என்று எழுதிக்கொடுக்க முடியுமா என்று கேட்டேன். டாக்டர் பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்: "எழுதலாம்மா. ஆனா அந்த வியாதிக்குத்தான் மருந்தும் எழுதுவேன், பரவாயில்லையா?"

திருவாரூரிலிருந்து பதில்

பதில் வந்தது. சம்பந்தம் வேண்டாம் என்று இல்லை. அதைவிடக் கெட்டிக்காரத்தனமாக இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா இவரிடம் போனில் சொன்னது இதுதான்: எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, வெளியில் சுகர் என்றே இருக்கட்டும், தஞ்சாவூர் டாக்டரிடம் போவதை மட்டும் நிறுத்திவிடச் சொல்லுங்கள், யாராவது பார்த்தால் எங்கள் சொந்தத்தில் பேச்சாகிவிடும், வைகாசியில் நாள் பார்க்கலாம். இவர் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, நான் ஒப்புக்கொள்ளத் தயாராக இருந்தேன். மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஆயுள் முழுக்கக் கசப்புக் காப்பி குடித்துக்கொண்டு, பாலத்தில் கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். எத்தனை அம்மாக்கள் இருக்கவில்லை? இவரும் என்னைப் பார்த்தார். அவர் கண்ணிலும் அதே கணக்குதான் ஓடியது.

கயல் மாடிக்குப் போனாள். பையனிடம் வெகுநேரம் பேசினாள். இந்தத் தடவை சிரிப்புச் சத்தம் இல்லை. அப்பா சொல்வதில் என்ன தப்பு, பெயருக்குத்தானே என்று அவன் சொன்னானாம். அவள் படியில் இறங்கி வருகிற சத்தம் கேட்டபோதே எனக்கு அது வந்துவிட்டது, நெஞ்சு, மூச்சு, விரல், எல்லாம். டாக்டர் சொன்னபடி ஓடாமல் உட்கார்ந்திருந்தேன். சாகப்போகிறேன் என்றே தோன்றியது, ஆனாலும் உட்கார்ந்திருந்தேன். கயல் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து எனக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். மூக்கு சிவந்திருந்தது. என் கை நடுங்குவதைப் பார்த்துப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்: "நாளைக்கு ஒரு குழந்தை பிறந்து, பூங்கொடி அக்கா மாதிரி எனக்கு வந்தா, அந்த வீட்ல எனக்கும் சுகர்னுதானேம்மா சொல்லுவாங்க?"

திருவாரூருக்கு நானே போன் செய்தேன், நடுக்கம் நிற்கட்டும் என்று காத்திராமல். பயம் இன்னும் என்னைப் பார்க்க வந்து போய்க்கொண்டுதான் இருக்கிறது, அதன் நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு ஒரு நல்ல சம்பந்தம் செலவாயிற்று, பூங்கொடி கொடுக்கிற பின்கட்டு அறை வாடகையோடு பார்த்தால் அது மலிவுதான்.